கணத்தின் விதியிலிருந்து பாதை வரை: துகளின் இயக்கமும் நுண்கணிதமும்

2012 அக்டோபர் 14 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ரோஸ்வெல் நகருக்கு மேலே ஹீலியம் பலூனில் தொங்கிய கூண்டிலிருந்து ஆஸ்திரியரான பெலிக்ஸ் பவும்கார்ட்னர் கீழே குதித்தார். அப்போது அவர் இருந்த உயரம் 38,969 மீட்டர். பாராசூட்டை விரிப்பதற்கு முன் ஏறத்தாழ 4 நிமிடம் 20 விநாடி தடையின்றி விழுந்தார். அந்த வீழ்ச்சியில் அவர் எட்டிய உச்ச வேகம் மணிக்கு 1,357.6 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 377 மீட்டர். அந்த உயரத்தில் ஒலி செல்லும் வேகத்தைப்போல 1.25 மடங்கு அது. குதித்து ஏறக்குறைய 50 விநாடியில், தரையிலிருந்து சுமார் 27.8 கிலோமீட்டர் உயரத்தில் இந்த உச்சம் நிகழ்ந்தது.

அந்த உச்சக் கணத்தில் அவருடைய முடுக்கம் எவ்வளவு? வேகம் மிக அதிகமாக இருந்ததால் முடுக்கமும் மிக அதிகமாக இருந்திருக்கும் என்று சொல்லத் தோன்றும். விடை: சுழியம். அதுவரை கூடிக்கொண்டே வந்த வேகம் அதன்பின் குறையத் தொடங்கியது. கூடுதலிலிருந்து குறைதலுக்கு மாறும் கணத்தில் வேகத்தின் மாற்றவீதம் சுழியத்தைக் கடந்தாக வேண்டும். கீழ்நோக்கி இழுக்கும் எடையும் மேல்நோக்கித் தள்ளும் காற்றின் எதிர்ப்பும் அக்கணத்தில் சரிநிகராக நின்றன. அவர் முடுக்கத்தை உடலால் கூடுதலாக உணர்ந்தது குதித்த கணத்திலும் அல்ல, வேகம் உச்சத்தில் இருந்தபோதும் அல்ல. அடர்ந்த காற்றுக்குள் நுழைந்து வேகம் சரியத் தொடங்கிய பிறகுதான்.

இடம், வேகம், முடுக்கம் ஆகிய மூன்றையும் பிரித்தறியவும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவும் நமக்கு வாய்த்த கருவி நுண்கணிதம். வகுப்பறையில் இதன் பாதி மட்டுமே தெரிகிறது. இடத்துக்கான சூத்திரத்தைக் கொடுத்து, வகையிட்டு வேகத்தையும் முடுக்கத்தையும் காணச் சொல்கிறோம். இயற்கை யாருக்கும் இடத்தின் சூத்திரத்தைத் தருவதில்லை. ஒரு கணத்தில் இன்ன விசை, ஆகவே இன்ன முடுக்கம் என்ற விதியை மட்டுமே அது தருகிறது. அந்தக் கணத்தின் விதியிலிருந்து முழுப் பாதையையும் எழுப்புவதுதான் நுண்கணிதம் இயக்கவியலில் செய்த மிகப் பெரிய வேலை என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒரு கணத்தில் வேகம்

வேகம் என்பது கடந்த தூரத்தை எடுத்த நேரத்தால் வகுத்தது. அப்படியானால் நேரமே கழியாத ஒரு கணத்தில் வேகம் எப்படி இருக்க முடியும்? கிரேக்கச் சிந்தனையாளர் ஜீனோ, பறக்கும் அம்பு எந்த ஒரு கணத்திலும் ஓர் இடத்தில் நிற்கிறது, ஆகவே அது நகர்வதே இல்லை என்று வாதிட்டதாக அரிஸ்டாட்டில் தம் இயற்பியல் நூலில் பதிவு செய்கிறார். இதை வெறும் சொல் விளையாட்டாக ஒதுக்க முடியாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இதற்குத் தெளிவான கணித விடை கிடைக்கவில்லை.

விடையின் சாரத்தை எண்களில் பார்க்கலாம். காற்றில்லாத வெளியில் விழும் பொருள் கடக்கும் தூரம், விநாடிகளின் வர்க்கத்தைப்போல 4.9 மடங்கு மீட்டர். மூன்றாம் விநாடி முடியும் கணத்தில் அதன் வேகம் என்ன? 3 முதல் 3.1 விநாடி வரை சராசரி வேகத்தைக் கணக்கிட்டால் விநாடிக்கு 29.89 மீட்டர். இடைவெளியை 3 முதல் 3.01 வரை சுருக்கினால் 29.449. இன்னும் சுருக்கி 3 முதல் 3.001 வரை கொண்டால் 29.4049. இடைவெளி சுருங்கச் சுருங்க விடை 29.4 என்ற எண்ணை நெருங்குகிறது. எவ்வளவு நெருங்க வேண்டுமோ அவ்வளவு நெருங்க வைக்கலாம். அதைத் தாண்டி வேறெந்த எண்ணையும் அது நாடாது. அந்த எல்லைதான் மூன்றாம் விநாடியின் கணவேகம். ஒரே ஒரு கணத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் பார்த்தால் ஜீனோ சொன்னது சரிதான், அதில் வேகம் தெரியாது. அந்தக் கணத்தைச் சூழ்ந்த இடைவெளிகள் எல்லாம் சேர்ந்து எந்த எண்ணை நோக்கிக் குவிகின்றன என்பதில் வேகம் இருக்கிறது.

நியூட்டனும் லைப்னிட்சும் இந்தக் கணக்கைச் செய்தபோது எல்லை என்ற கருத்துக்கு உறுதியான அடித்தளம் இல்லை. 1734இல் ஆயர் ஜார்ஜ் பெர்க்லி ‘தி அனலிஸ்ட்’ என்ற நூலில் இதைக் கடுமையாகச் சாடினார். முதலில் சுழியம் அல்ல என்று கொண்டு வகுத்த அளவை, பிறகு சுழியம் என்று கைவிடுவது எந்தத் தர்க்கத்தில் சேரும் என்று கேட்டார். அவர் கேள்வி நியாயமானது. அதற்கான முறையான பதில் 1821இல் கோஷி வெளியிட்ட பாடநூலிலும், பின்னர் வையர்ஸ்ட்ராஸின் பணியிலும்தான் முழு வடிவம் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் கணிதர்கள் காத்திருக்கவில்லை. அடித்தளம் உறுதிப்படும் முன்பே கோள்களின் பாதைகளை இம்முறையால் கணக்கிட்டுச் சரியான விடைகளைக் கண்டார்கள்.

அளவிடக் கற்றவர்கள்

கணவேகம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் மட்டும் தோன்றியதன்று. இரண்டாம் பாஸ்கரர் 1150இல் எழுதிய ‘சித்தாந்த சிரோமணி’யில், ஒரு நாள் முழுவதற்குமான சராசரி நகர்வுக்கும் குறித்த நேரத்தின் நகர்வுக்கும் வேறுபாடு காட்டி, பின்னதைத் தாத்காலிக கதி என்கிறார். சந்திரனைப் போல விரைந்து வேகம் மாறும் கோளுக்கு நாள் சராசரி போதாது என்பது அவருக்கு நடைமுறைத் தேவையாக இருந்தது. கோளின் நிலைக்கான திருத்தம் உச்சத்தை எட்டும் இடத்தில் அத்திருத்தத்தின் மாறுதல் சுழியமாகும் என்பதையும் அவர் கண்டார். பவும்கார்ட்னரின் உச்சவேகக் கணத்தில் முடுக்கம் சுழியம் என்று நாம் சொல்வதும் இதே உண்மைதான். பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்தின் சங்கமகிராமத்து மாதவனும் அவர் வழிவந்தோரும் சைன், கொசைன் சார்புகளுக்கு முடிவிலாத் தொடர்களைக் கண்டார்கள். அவற்றின் நிறுவல்களை ஜ்யேஷ்டதேவர் ஏறத்தாழ 1530இல் மலையாளத்தில் எழுதிய ‘யுக்திபாஷா’ விளக்குகிறது. இவர்கள் மாற்றவீதத்தைத் துல்லியமாகக் கையாண்டார்கள். அதை விசையோடு இணைக்கும் கேள்வி அவர்களுடைய வானியலில் எழவில்லை.

அதே பதினான்காம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் ஒரு விதியைக் கண்டார்கள்: சீராகக் கூடும் வேகத்தில் செல்லும் பொருள் கடக்கும் தூரம், நடுக்கணத்தில் அதற்கிருந்த வேகத்திலேயே முழு நேரமும் சென்றால் கடக்கும் தூரத்துக்குச் சமம். பிரான்சின் நிக்கோல் ஒரேம் இதைப் படமாக வரைந்தார். கிடைக்கோட்டில் காலம், செங்குத்தில் வேகம். சீராகக் கூடும் வேகம் ஒரு முக்கோணமாகவும், சமமான சராசரி வேகம் ஒரு செவ்வகமாகவும் அமைகின்றன. இரண்டின் பரப்பும் ஒன்றே. வேகக் கோட்டின் அடியில் உள்ள பரப்புதான் தூரம் என்ற தொகை நுண்கணிதத்தின் முதன்மைக் கருத்து, நியூட்டன் பிறப்பதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வரைபடத்தில் இப்படி இடம்பெற்றுவிட்டது.

கலிலியோ இதை உண்மையான வீழ்ச்சிக்குப் பொருத்தினார். சாய்தளத்தில் பந்துகளை உருட்டி, அடுத்தடுத்த சம இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என ஒற்றை எண்களின் விகிதத்தில் கூடுவதைக் கண்டார். 1638இல் வெளியான ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில் இதை முறைப்படுத்தினார். ஆனால் 1604இல் பாவோலோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில் அவர் வேறொரு விதியை நம்பினார்: விழும் பொருளின் வேகம் அது கடந்த தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. காலத்துக்கு நேர்விகிதம் என்பதும் தூரத்துக்கு நேர்விகிதம் என்பதும் முதல் பார்வையில் சமமான தகுதி உடைய இரு ஊகங்கள்தான்.

இன்றைய நுண்கணிதம் இரண்டாவதை ஒரே வரியில் தள்ளிவிடும். வேகம் தூரத்துக்கு நேர்விகிதம் எனில், தூரம் காலத்தோடு அடுக்குக்குறிச் சார்பாக வளர வேண்டும். அந்தச் சார்பு சுழியத்தில் தொடங்கினால் என்றென்றும் சுழியத்திலேயே இருக்கும். கையிலிருந்து விட்ட கல் இன்னும் தூரம் எதையும் கடக்கவில்லை. ஆகவே அதற்கு வேகம் இல்லை. வேகம் இல்லாததால் அது தூரத்தைக் கடக்கவும் முடியாது. அந்தரத்திலேயே நிற்கும். பிந்தைய ஆண்டுகளில் கலிலியோ இந்த விதியைக் கைவிட்டார். கணத்தின் விதி ஒன்றைச் சொன்னால் அது எந்தப் பாதையைக் கட்டாயமாக்குகிறது என்று உடனே சோதிக்கும் வழி அவர் காலத்தில் இல்லை. அந்த வழிதான் அடுத்த தலைமுறையில் பிறந்தது.

விசை உள்ளே வந்த விதம்

1687இல் வெளிவந்த நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’வில் இன்றைய மாணவர் எதிர்பார்க்கும் சமன்பாடுகள் இல்லை. 1666ஆம் ஆண்டுக் குறிப்புகளிலேயே மாற்றவீதங்களைக் கையாளும் முறையை எழுதிவைத்திருந்த நியூட்டன், தம் பெருநூலை வடிவியல் மொழியிலேயே எழுதினார். வகையிடலுக்கு நாம் இன்று பயன்படுத்தும் குறியீட்டை 1684இல் அச்சில் தந்தவர் லைப்னிட்ஸ். நியூட்டனின் இயக்கவியலையும் லைப்னிட்சின் குறியீட்டையும் ஒன்றுசேர்க்கும் வேலை பிறருக்கு மிஞ்சியது.

பாரிஸ் அறிவியல் கழகத்தில் பியர் வாரிஞ்ஞோன் 1698 முதல் வாசித்த கட்டுரைகளில், வேகம் இடத்தின் வகைக்கெழு என்றும், விசை வேகத்தின் வகைக்கெழுவோடு தொடர்புடையது என்றும் பொது விதிகளாக எழுதினார். 1736இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஆய்லரின் ‘மெக்கானிக்கா’ வந்தது. ஒரு புள்ளியில் முழு நிறையும் குவிந்த துகள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் இயக்கத்தை முழுக்க நுண்கணித மொழியில் முறையாக ஆராய்ந்த நூல் அது. நிறைமடங்கு முடுக்கம் விசைக்குச் சமம் என்ற விதியை மூன்று செங்குத்து அச்சுகளில் மூன்று தனிச் சமன்பாடுகளாக ஆய்லர் எழுதியது 1750இல். பள்ளிப் புத்தகத்தில் நியூட்டனின் பெயரில் இருக்கும் வடிவம் இப்படித்தான் உருவானது. ‘பிரின்சிப்பியா’வுக்கும் இதற்கும் இடையே அறுபத்துமூன்று ஆண்டுகள்.

விசை தீர்மானிப்பது இடத்தையும் அல்ல, வேகத்தையும் அல்ல. வேகம் மாறும் வீதத்தை மட்டுமே. ஆகவே ஒரு துகளின் பாதையை அறிய விசையின் விதியோடு இன்னும் இரண்டு செய்திகள் வேண்டும்: தொடக்கத்தில் அது எங்கே இருந்தது, எந்தத் திசையில் எந்த வேகத்தில் சென்றது. முடுக்கத்திலிருந்து இடத்துக்குச் செல்ல இருமுறை தொகையிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு மாறிலி தோன்றும். அந்த மாறிலிகளைக் கணக்கின் முடிவில் சடங்காகச் சேர்க்கும் எழுத்துகளாக மாணவர்கள் எண்ணுவதைக் காண வருத்தமாக இருக்கிறது. விட்டெறிந்த கல்லும், மேலே வீசிய பந்தும், பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டும் வேறு வேறு பாதைகளில் செல்வது அந்த மாறிலிகளால்தான்.

காற்று எதிர்க்கும்போது

காற்றில்லாத வீழ்ச்சியில் முடுக்கம் மாறாதது. அதற்கு ஒரேமின் முக்கோணமே போதும். முடுக்கம் வேகத்தையே சார்ந்து மாறத் தொடங்கும்போது நுண்கணிதம் தவிர்க்க முடியாததாகிறது. நியூட்டன் இதை நன்கு அறிந்திருந்தார். ‘பிரின்சிப்பியா’வின் இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி எதிர்ப்புள்ள ஊடகத்தில் இயங்கும் பொருள்களைப் பற்றியது. 1710இல் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உச்சியிலிருந்து, 220 அடி உயரத்திலிருந்து, கண்ணாடி உருண்டைகள் போடப்பட்டன. பாதரசம் நிரப்பியவை சுமார் 4 விநாடியில் தரையைத் தொட்டன. காற்று மட்டும் நிரம்பியவை சுமார் 8 விநாடி எடுத்துக்கொண்டன. இந்த அளவுகளை நியூட்டன் தம் நூலின் அடுத்த பதிப்பில் சேர்த்தார்.

வேகமாக விழும் பொருளுக்குக் காற்றின் எதிர்ப்பு, ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. எடையும் எதிர்ப்பும் சமமாகும் வேகத்தை முற்றுத் திசைவேகம் என்கிறோம். அப்போது துகளின் விதி இப்படி அமைகிறது:

முடுக்கம் = 9.8 × (1 − வேகத்தின் வர்க்கம் ÷ முற்றுத் திசைவேகத்தின் வர்க்கம்)

வயிறு கீழாக, கைகால்களை விரித்து விழும் வான்குதிப்பவருக்கு முற்றுத் திசைவேகம் விநாடிக்குச் சுமார் 55 மீட்டர் என்று கொள்வோம். இச்சமன்பாட்டில் வேகம் உள்ள உறுப்புகளை ஒருபுறமும் காலத்தை மறுபுறமும் பிரித்துத் தொகையிட்டால், வேகம் அதிபரவளைய டான்ஜென்ட் சார்பின்படி உயர்வது தெரியும். 55ஐ 9.8ஆல் வகுத்தால் கிடைக்கும் 5.6 விநாடி இந்த இயக்கத்தின் இயல்பான காலஅளவு. அவ்வளவு நேரத்தில் வேகம் முற்றுத் திசைவேகத்தில் 76 விழுக்காட்டை எட்டுகிறது, 11.2 விநாடியில் 96 விழுக்காட்டை, 16.8 விநாடியில் 99.5 விழுக்காட்டை. முழு நூறை அது ஒருபோதும் எட்டாது, எப்போதும் நெருங்கும். இன்னொரு முறை தொகையிட்டால் தூரம் கிடைக்கும்: முதல் 11.2 விநாடியில் ஏறத்தாழ 409 மீட்டர். காற்றே இல்லாதிருந்தால் இதே நேரத்தில் ஏறத்தாழ 615 மீட்டர் விழுந்திருப்பார்.

ஒரு வரி விதியிலிருந்து இவ்வளவும் வந்தன. எந்தக் கணத்திலும் அவர் எங்கே இருப்பார் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

சூத்திரம் கைவிடும் இடத்தில்

பவும்கார்ட்னருக்கு இந்த விடை பொருந்தாது. அவர் குதித்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. முதல் அரை நிமிடம் அவர் ஏறத்தாழ வெற்றிடத்தில் விழுந்தார் என்றே சொல்லலாம். கீழே வர வர அடர்த்தி பெருகியது. முற்றுத் திசைவேகமும் ஒவ்வொரு கணமும் சுருங்கிக்கொண்டே வந்தது. மேலே அது அவருடைய வேகத்தைவிட மிகப் பெரிது, கீழே அவருடைய வேகத்தைவிடக் குறைவு. இரண்டும் சந்தித்த உயரத்தில் அவர் வேகம் உச்சத்தைத் தொட்டது.

இதைச் சரிபார்க்கலாம். 27.8 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 48இல் ஒரு பங்கு. எதிர்ப்பு அடர்த்திக்கு நேர்விகிதம் என்பதால், முற்றுத் திசைவேகம் 48இன் வர்க்கமூலமான 6.9 மடங்கு பெருகும். 55ஐ 6.9ஆல் பெருக்கினால் விநாடிக்கு 380 மீட்டர். அளந்த உச்ச வேகம் 377. இவ்வளவு நெருக்கம் ஓரளவு தற்செயலே. விண்வெளி உடையும் கருவிகளும் அவருடைய நிறையைக் கூட்டின. ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எதிர்ப்பும் கூடுகிறது. இவ்விரண்டும் எதிரெதிராக இழுக்கும் திருத்தங்கள். ஆனாலும் இந்த எளிய கணக்கு உச்சம் ஏன் அந்த உயரத்தில் நிகழ்ந்தது என்ற காரணத்தைச் சரியாகப் பிடிக்கிறது.

அடர்த்தி உயரத்தோடும், எதிர்ப்பு ஒலிவேக விகிதத்தோடும் மாறும்போது சமன்பாட்டைத் தீர்க்கக் கைவசமுள்ள சார்புகள் உதவுவதில்லை. இங்கேதான் கணத்தின் விதியினுடைய முழு வலிமை தெரிகிறது. 1768இல் ஆய்லர் அச்சிட்ட முறை மிக எளியது: இப்போதைய வேகத்தைக் கொண்டு இப்போதைய முடுக்கத்தைக் காண்க, சிறு நேரத்துக்கு அது மாறாது என்று கொண்டு புதிய வேகத்தைக் காண்க, மறுபடியும் அதையே செய்க.

முந்தைய வான்குதிப்பவருக்கு ஒரு விநாடிப் படிகளில் செய்து பார்ப்போம். தொடக்கத்தில் வேகம் 0, முடுக்கம் 9.8, ஆகவே ஒரு விநாடி கழித்து வேகம் 9.8. அந்த வேகத்தில் முடுக்கம் 9.49, இரண்டாம் விநாடியில் வேகம் 19.3. தொடர்ந்து 27.9, 35.2, ஐந்தாம் விநாடியில் 41.0. சூத்திரம் தரும் சரியான மதிப்பு 39.2. பிழை 1.8. படியை அரை விநாடியாகக் குறைத்தால் பிழை ஏறத்தாழ பாதியாகும். மேலும் குறைத்தால் மேலும் குறையும். கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். வானியல் முதல் விண்கலப் பயணம் வரை இன்று கணினிகள் செய்வது இதே வேலையின் திருத்தமான வடிவங்களைத்தான்.

கணினிக்கு முன்பும் இது நடந்தது. ஹேலி வால்மீன் திரும்பி வரும் நாளைக் கணிக்க, 1757–58இல் அலெக்சி கிளேரோ, ஜெரோம் லலாந்த், நிக்கோல்-ரெய்ன் லெப்போத் ஆகிய மூவரும் மாதக்கணக்கில் கையால் கணக்கிட்டார்கள். வால்மீனை ஒரு துகளாகக் கொண்டு, வியாழனும் சனியும் அதைப் படிப்படியாக எவ்வளவு இழுக்கின்றன என்று பார்த்தார்கள். வியாழனால் 518 நாளும் சனியால் 100 நாளும் தாமதம் என்று முடிவு வந்தது. 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின்னாக, வால்மீன் சூரியனை மிக அருகில் நெருங்கும் என்று 1758 நவம்பரில் கிளேரோ அறிவித்தார். அது நெருங்கியது 1759 மார்ச் 13 அன்று. எழுபத்தாறு ஆண்டுப் பயணத்தில் ஒரு மாதப் பிழை. நியூட்டனின் விதிக்கு அக்காலம் கண்ட மிகப் பெரிய உறுதிப்பாடுகளில் இதுவும் ஒன்று.

இறங்குவதும் ஏறுவதும்

கணிதத்தில் வகையிடலும் தொகையிடலும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. அளவீட்டு உலகில் இரண்டும் வெவ்வேறு விதமாகப் பிழைகளை நடத்துகின்றன.

ஓடும் ஒருவரின் இடத்தைப் பத்தில் ஒரு விநாடிக்கு ஒருமுறை, ஒரு சென்டிமீட்டர் பிழையோடு அளக்கிறோம் என்க. அடுத்தடுத்த இரு அளவுகளின் பிழை எதிரெதிராக அமைந்தால், வேகத்தில் விநாடிக்கு 0.2 மீட்டர் பிழை வரும். அதையும் வகையிட்டு முடுக்கம் கண்டால் பிழை 4 அலகு வரை போகும். புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அது. வகையிடல் சிறு நடுக்கங்களைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

மறுதிசையில், முடுக்கமானியின் அளவை இருமுறை தொகையிட்டு இடத்தைக் காண்போம். விமானங்களிலும் நீர்மூழ்கிகளிலும் உள்ள நிலைம வழிகாட்டிகள் இப்படித்தான் இயங்குகின்றன. வந்துபோகும் நடுக்கங்கள் கூட்டலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆனால் மாறாத சிறு பிழை ஒன்று இருந்தால் அது வளர்ந்துகொண்டே போகும். முடுக்கத்தில் 0.01 அலகு மட்டுமே பிழை என்று கொள்வோம். ஒரு நிமிடத்தில் இடத்தில் 18 மீட்டர் பிழை. பத்து நிமிடத்தில் 1,800 மீட்டர். நேரம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்கு. அதனால்தான் இக்கருவிகளை அவ்வப்போது செயற்கைக்கோள் குறிகளோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள்.

துகள் என்ற கருத்தின் எல்லை

ஒரு பொருளைத் துகள் என்று கொள்வது, அதன் வடிவத்தையும் சுழற்சியையும் கணக்கிலிருந்து விலக்குவது. வால்மீனுக்கு அது பொருந்தியது. பவும்கார்ட்னரின் வீழ்ச்சியில் வேகத்தையும் உயரத்தையும் அறிய அது போதுமானது. ஆனால் அன்று அவருக்கு நேர்ந்த பெரும் ஆபத்து, நடுவழியில் அவர் உடல் கட்டுக்கடங்காமல் சுழலத் தொடங்கியது. துகளுக்குச் சுழற்சி என்பதே கிடையாது. எனவே துகளின் சமன்பாட்டில் அந்த ஆபத்துக்கு இடமே இல்லை. சுழலும் திண்பொருளுக்கான சமன்பாடுகளையும் ஆய்லரே பின்னர் தந்தார்.

கணத்தின் விதி முழுமையாகத் தெரிந்தாலும் பாதையை நெடுந்தொலைவு கணிக்க முடியாத நிலை உண்டு என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புவான்கரே, மூன்று வான்பொருள்களின் இயக்கத்தை ஆராய்ந்தபோது கண்டார். தொடக்க நிலையில் உள்ள மிகச் சிறு வேறுபாடு காலப்போக்கில் பாதைகளை முற்றிலும் பிரித்துவிடும். அணுவுக்குள் சென்றால் நிலைமை இன்னும் மாறுகிறது. இடமும் உந்தமும் ஒருசேரத் துல்லியமாக அமையா என்று 1927இல் ஹைசன்பர்க் காட்டினார். அங்கே தொடக்க நிலை என்ற இரண்டு எண்களையே நாம் பெற முடியாது. இந்த எல்லைகள் முறையின் மதிப்பைக் குறைப்பதில்லை. எந்த அளவுகோலில், எந்தக் கேள்விக்கு, எவ்வளவு காலத்துக்கு அதை நம்பலாம் என்பதை அவை நமக்கு வரையறுத்துத் தருகின்றன.

வகுப்பறைக்கு ஒரு கோரிக்கை

பன்னிரண்டாம் வகுப்பில் வரும் கணக்கின் வகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு துகள் நேர்கோட்டில் செல்கிறது; காலத்தைக் ‘கா’ எனக் குறித்தால், அதன் இடம் = கா³ − 6கா² + 9கா. வகையிட்டால் வேகம் = 3(கா − 1)(கா − 3); முடுக்கம் = 6(கா − 2). துகள் 0இல் புறப்பட்டு, முதல் விநாடியில் 4ஐ அடைந்து திரும்பி, மூன்றாம் விநாடியில் 0க்கு வந்து, மறுபடியும் திரும்பி, நான்காம் விநாடியில் 4ஐ அடைகிறது. இடப்பெயர்ச்சி 4 மீட்டர், கடந்த தூரம் 12 மீட்டர். முதல் இரண்டு விநாடிகள் முழுவதும் முடுக்கம் எதிர்மறை. ஆனால் துகள் முதல் விநாடியில் மெதுவாகிறது, இரண்டாம் விநாடியில் விரைவாகிறது, ஏனெனில் அப்போது வேகமும் எதிர்மறை. எதிர்மறை முடுக்கம் என்றால் துகள் மெதுவாகிறது என்ற பரவலான தவறான எண்ணத்தை இந்த ஒரு கணக்கே நீக்கிவிடும். நல்ல கணக்கு, இதை எடுத்துவிடச் சொல்லவில்லை.

ஆனால் இந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது? எந்த விசை இத்துகளை இப்படி நடத்துகிறது? அந்தக் கேள்வி எழாமலேயே மாணவர் முழு மதிப்பெண் பெறுகிறார். வகைக்கெழுச் சமன்பாடு வேறொரு அத்தியாயத்தில், பெரும்பாலும் இயக்கத்தோடு தொடர்பின்றி வருகிறது. விசை இயற்பியல் வகுப்பில், நுண்கணிதம் கணித வகுப்பில் என்று பிரிந்து கிடப்பதால், வாரிஞ்ஞோனும் ஆய்லரும் அரைநூற்றாண்டு உழைத்து இணைத்தவை மாணவரின் மனத்தில் இணையாமலே போகின்றன.

இதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. ஒரு பாடவேளை போதும். கரும்பலகையில் காலம், வேகம், முடுக்கம், இடம் என நான்கு பத்திகள். காற்றின் எதிர்ப்போடு விழும் துகளின் விதியைக் கொடுத்து, ஒரு விநாடிப் படிகளில் பத்து வரிகளை மாணவர்களே கணக்கிட்டு நிரப்பட்டும். பிறகு அரை விநாடிப் படிகளில் மீண்டும் செய்யட்டும். முற்றுத் திசைவேகம் அவர்கள் எழுதும் எண்களிலேயே தோன்றும். எல்லை என்ற கருத்தும், பிழை சுருங்கும் விதமும் அங்கேயே புலப்படும். அதன்பின் தொகையிட்டு வரும் சூத்திரத்தைக் கற்பித்தால், தாங்கள் ஏற்கெனவே கண்ட பாதைக்கான சுருக்கெழுத்தாக அதை அவர்கள் ஏற்பார்கள். நுண்கணிதத்தைத் தேர்வுக்கான உத்தியாக அறிந்தவருக்கும், இயக்கத்தை அறியும் அறிவாகப் பெற்றவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பத்து வரிகள் உண்டாக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.